கஜானா யாருக்குப் பூட்டியது? யாருக்குத் திறந்தது?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் வரவு செலவுத் திட்டம், அதாவது பட்ஜெட். துண்டு விளம்பரத்தில் இதைப் பார்த்துவிட்டு, "இது கணக்கப்பிள்ளை சமாசாரம், நமக்கென்ன?" என்று வராமல் இருந்துவிட்டவர்கள் அநேகர் இருப்பார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. பட்ஜெட்டைப் பற்றிப் பேசுகிற பெரிய மனிதர்களெல்லாம் அதைப் பாமர மக்களுக்கு விளங்காத பாஷையிலேயே பேசி வருகிறார்கள். புரோகிதன் மந்திரத்தைப் புரியாத பாஷையில் வைத்திருப்பதற்கு என்ன காரணமோ, அதே காரணந்தான் இதற்கும். புரிந்துவிட்டால் தட்சணை எதற்கு என்று கேட்டுவிடுவோமல்லவா?

ஆனதினால் நான் புள்ளிக்கணக்குகளை அடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு நாட்டில் நடந்த ஒரே ஒரு சண்டையைச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் என்று ஒரு மாகாணம். சிகாகோ பட்டணம் அதில்தான் இருக்கிறது. தலைநகரம் ஸ்பிரிங்பீல்டு. ஜனத்தொகை சுமார் ஒன்றேகால் கோடிக்கு மேல். பணத்திற்குப் பஞ்சமில்லாத தேசத்தில், பணத்திற்குப் பஞ்சமில்லாத ஒரு மாகாணம். அந்த மாகாணத்தில் 2015 ஜூலை 1-ந் தேதி முதல் 2017 ஜூலை 6-ந் தேதி வரையில், 736 நாள், முழு பட்ஜெட் கிடையாது. வெள்ளம் வரவில்லை, யுத்தம் வரவில்லை, பஞ்சம் வரவில்லை. கவர்னரும் சட்டசபைத் தலைவர்களும் ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான் காரணம்.

கவர்னர் என்றவுடன் உங்களுக்கு டில்லியிலிருந்து நியமனமாகி வருகிறவர் நினைவுக்கு வருவார். அவரை மறந்துவிடுங்கள். நம் நாட்டில் இன்று பட்ஜெட் போடுவது மந்திரிசபை. சட்டசபை அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் மந்திரிசபை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1919-ம் வருஷச் சட்டத்தின் கீழ் மட்டும், வெள்ளைக்கார கவர்னர் தன் கையில் வைத்துக்கொண்டிருந்த இலாகாக்களில் சட்டசபை வெட்டிய தொகையை "இது அவசியம்" என்று தானே எழுதி மறுபடியும் சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது. அமெரிக்க ஏற்பாடு வேறு. அங்கே ஒவ்வொரு மாகாணத்திலும் கவர்னரை ஜனங்களே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரே பட்ஜெட் யோசனையைச் சமர்ப்பிக்கிறார். ஆனால் பணம் ஒதுக்கும் சட்டத்தைச் செய்கிறது சட்டசபை. இல்லினாய்சில், அது செய்து அனுப்பினதைக் கவர்னர் முழுவதும் தள்ளலாம். சில வரிகளை மட்டும் அடிக்கலாம். தொகையைக் குறைக்கவும் செய்யலாம். சட்டசபை ஐந்தில் மூன்று பங்கு வோட்டுச் சேர்த்தால் அவர் தள்ளினதை மீறி நிறைவேற்றலாம். சண்டை முற்றினால் சட்டசபை கவர்னரை வீட்டுக்கனுப்ப முடியாது. கவர்னர் சட்டசபையைக் கலைக்கவும் முடியாது. ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று வடக்கேயும் ஒன்று தெற்கேயும் இழுத்தால் வண்டி நின்றுவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும். அங்கே மாட்டை அவிழ்ப்பதற்கும் தேர்தல் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்!

இன்னொரு விதியையும் கவனியுங்கள். மே 31-ந் தேதிக்குள் என்றால் சாதாரண மெஜாரிட்டி போதும். அந்தத் தேதி தாண்டிவிட்டால், உடனே அமுலுக்கு வரவேண்டிய சட்டத்துக்கு ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். கீழ்ச்சபையில் அங்கத்தினர் 118 பேர். ஆகவே 71 வோட்டு. இந்த 71 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆட்களைப் பார்ப்போம். 2015 ஜனவரியில் கவர்னராக வந்தவர் புரூஸ் ரவுனர். ரிபப்ளிகன் கட்சி. கம்பெனிகளை வாங்கி விற்கும் தொழிலில் ஏராளமாகப் பணம் சேர்த்தவர். இதற்கு முன் எந்தத் தேர்தல் பதவியிலும் இருந்தவரல்ல. தன் சொந்தப் பணத்தைக் கோடிக்கணக்கில் செலவழித்துப் பதவிக்கு வந்தவர். எதிர்த்தரப்பில் மைக்கேல் மாடிகன். டெமாக்ரட் கட்சி. 1971 முதல் சட்டசபையில் இருந்து, 1983-ல் சபாநாயகரானவர். நடுவில் 1995 முதல் 1997 வரை இரண்டே வருஷம் தவிர 2021 வரையில் அந்த நாற்காலியை விடவேயில்லை! கட்சித் தலைவரும் அவரேதான். சபைக்கு வெளியே வக்கீல் தொழில். சிகாகோவின் பெரிய கட்டடங்களுக்குச் சொத்து வரியைக் குறைத்துத் தரும்படி முறையிடுவதில் பேர்போன கம்பெனி அவருடையது. வரி போடும் சபைக்குத் தலைவரும் அவரே, வரி குறைக்கக் கேட்கும் வக்கீலும் அவரே. நம் ஊரில் கோயில் தர்மகர்த்தாவே கோயில் நிலத்துக்குக் குத்தகைதாரராகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். அமெரிக்கா நாகரிக தேசமாயிற்றே என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேல்சபைத் தலைவர் ஜான் கல்லர்டன், அவரும் டெமாக்ரட். ரிபப்ளிகன் தரப்பில் கீழ்ச்சபைக்கு ஜிம் டர்க்கின், மேல்சபைக்கு கிறிஸ்டின் ரடோன்யோ என்ற அம்மையார். கவர்னரும் இந்த நால்வரும் ஓர் அறைக்குள் உட்கார்ந்து பேசினால் மாகாணத்தின் கணக்கு முடியும். மற்ற அங்கத்தினர்களெல்லாம் வெளியே காத்திருக்க வேண்டியவர்கள்.

சண்டை எதைப் பற்றி? 2011-ல் தற்காலிகமென்று சொல்லி வருமான வரியை 3-லிருந்து 5 சதவிகிதமாக்கினார்கள். கெடு முடிந்து 2015 ஜனவரி 1-ந் தேதி அது 3.75-க்கு இறங்கிற்று. வரவு குறைந்தது, செலவு குறையவில்லை. பென்ஷன் நிதிக்குக் கட்டவேண்டிய பாக்கியோ பல ஆண்டுகளாகச் சேர்ந்து மலைபோல் நின்றது. மறுபடியும் வரி போடாமல் சமாளிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். கவர்னர் என்ன சொன்னார் என்றால், "வரியைப் பற்றிப் பேசலாம், ஆனால் அதற்கு முன் நான் சொல்லும் சீர்திருத்தங்களை ஒப்புக்கொள்ளுங்கள்" என்றார். அவையாவன: சட்டசபை அங்கத்தினர் இத்தனை வருஷத்துக்கு மேல் இருக்கக்கூடாது; தொகுதி எல்லைகளைக் கட்சிக்காரர்கள் வரையக்கூடாது; சொத்து வரி ஏறக்கூடாது; வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்குக் கொடுக்கும் நஷ்ட ஈட்டுச் செலவு குறைய வேண்டும்; சர்க்கார் தொழிலாளர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமை சுருங்க வேண்டும்.

முதல் இரண்டும் நியாயமான கோரிக்கைகள் என்றே நான் சொல்லுவேன். ஒருவரே முப்பது நாற்பது வருஷம் சபாநாயகராக இருந்தால் அது ஜனநாயகமா, மடாதிபதி பட்டமா? ஆனால் கடைசி இரண்டையும் அவற்றோடு முடிச்சுப் போட்டது எதற்காக? தொழிலாளியின் ஒடிந்த கைக்குக் கொடுக்கிற காசைக் குறைப்பதற்கும் பட்ஜெட்டுக்கும் என்ன சம்பந்தம்? சோறு போடுகிற வேளையில் சொத்துப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிற தந்திரமல்லவா இது? மாடிகனும் சொன்னார், "இவைகளுக்கும் பட்ஜெட்டுக்கும் சம்பந்தமில்லை" என்று. அது சரி. ஆனால் அவருடைய சபை 2015 மே மாதத்தில் நிறைவேற்றி அனுப்பிய பட்ஜெட்டில் செலவு வரவைவிடப் பல நூறு கோடி டாலர் அதிகம்! செலவு வரவுக்குள் அடங்க வேண்டும் என்று அந்த மாகாணத்தின் 1970-ம் வருஷ அரசியல் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. கவர்னர் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. அவர் பிப்ரவரியில் வைத்த யோசனையில், இன்னும் சட்டமாகாத ஒரு பென்ஷன் குறைப்பினால் 220 கோடி டாலர் மிச்சமாகும் என்று வரவில் எழுதியிருந்தார். அதே வருஷம் மே மாதத்தில் மாகாண சுப்ரீம் கோர்ட்டு, முன்பு செய்த பென்ஷன் குறைப்புச் சட்டமே செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிறக்காத பிள்ளையின் சம்பாத்தியத்தை நம்பிக் கடன் வாங்கினதுபோலத்தான்.

ஜூன் மாதம் கவர்னர் அந்தப் பட்ஜெட்டை ஏறக்குறைய முழுவதும் தள்ளினார். ஒரே ஒரு பாகத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடங்களுக்கான பணம். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறக்காவிட்டால் ஒவ்வொரு வீட்டிலும் தாயும் தகப்பனும் வீதிக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் வந்தால் ஒரே வாரத்தில் சண்டை முடிந்துவிடும். சண்டையை நீடிக்க வேண்டுமென்றால், கத்தக்கூடியவர்களின் வாயை முதலில் அடைக்க வேண்டும்!

தோழர்களே! நான் சொல்ல வந்ததே இதுதான். பட்ஜெட் இல்லாவிட்டால் கஜானா எல்லோருக்கும் ஒரேமாதிரி பூட்டிக்கொள்ளும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். இல்லினாய்சில் என்ன நடந்தது? கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு வட்டியும் முதலும் தவறாமல் போயிற்று. பென்ஷன் போயிற்று. சர்க்கார் சிப்பந்திகள் கோர்ட்டுக்குப் போனார்கள்; 2015 ஜூலையில் ஒரு ஜில்லா நீதிபதி, பட்ஜெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளம் கொடு என்று உத்தரவிட்டார். வைத்திய உதவியின் பெரும்பாகமும் குழந்தைகள் பாதுகாப்பும் பழைய கோர்ட்டு உத்தரவுகளின்பேரில் நடந்தன. இப்படியாக, பணம் ஒதுக்கும் சட்டம் இல்லாமலேயே செலவில் பெரும்பகுதி நடந்துகொண்டிருந்தது. வரவு குறைந்தும் செலவு நடந்தால் பாக்கி ஏறுமல்லவா? ஏறிற்று. ஆனால் யாருடைய பாக்கி?

கோர்ட்டு உத்தரவு இல்லாதவனுடைய பாக்கி. கத்தத் தெரியாதவனுடைய பாக்கி. நடமாட முடியாத கிழவருக்குச் சோறு கொண்டுபோகும் ஸ்தாபனம், புருஷனிடம் அடிபட்டு ஓடிவந்த பெண்ணுக்கு இடம் கொடுக்கும் விடுதி, கற்பழிக்கப்பட்டவர்களுக்கு உதவும் நிலையம், குடிப் பழக்கத்திலிருந்து மீட்கும் நிலையம் இவற்றினுடைய பாக்கி. லூத்தரன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் சமூக ஊழிய ஸ்தாபனம் ஒன்று 2016 ஜனவரியில் 30-க்கு மேற்பட்ட காரியங்களை மூடி 750 வேலைகளை எடுத்துவிட்டது. சர்க்கார் அதற்குக் கொடுக்கவேண்டிய பாக்கி 60 லட்சம் டாலருக்கு மேல். மத ஸ்தாபனம் என்பதற்காக நான் அதை விட்டுச் சொல்ல மாட்டேன். அவர்கள் செய்தது சர்க்கார் வேலை. சர்க்கார் காசில் செய்த வேலை. ஜெபம் செய்தும் செக்கு வரவில்லை என்பதுதான் விஷயம்.

ஏழைப் பிள்ளைகள் காலேஜில் படிக்க அங்கே ஓர் உதவித்தொகை உண்டு. சுமார் 1,25,000 மாணவர்கள் அதை நம்பியிருந்தார்கள். அது நின்றது. சிகாகோவின் தெற்குப் பகுதியில் சிகாகோ ஸ்டேட் யூனிவர்சிட்டி என்று ஒன்றிருக்கிறது. பெரும்பாலும் நீக்ரோக்கள் என்று முன்பு இழிவாய் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களின் பிள்ளைகள், அதிலும் வேலை செய்துகொண்டே படிக்கிறவர்கள் படிக்குமிடம். மற்ற யூனிவர்சிட்டிகளுக்குப் பணக்காரப் பிள்ளைகளின் சம்பளம் உண்டு, நன்கொடை உண்டு. இதற்குச் சர்க்கார் பணம்தான் மூச்சு. 2016 பிப்ரவரியில் அங்கே வேலை பார்த்த சுமார் 900 பேருக்கும் வேலைநீக்க நோட்டீசு போயிற்று. ஏப்ரலில் 300-க்கு மேற்பட்டவர்களை உண்மையிலேயே அனுப்பிவிட்டார்கள். மூடப்போகிற இடத்தில் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? அந்த வருஷம் முழுநேரப் படிப்புக்கு முதல் வகுப்பில் புதிதாய்ச் சேர்ந்தவர்கள் 86 பேர். ஒரு யூனிவர்சிட்டிக்கு 86 பேர்! யாரும் அதைப் பூட்டவில்லை. "நாங்களா மூடினோம்?" என்று இருதரப்புத் தலைவர்களும் கேட்கலாம். ஒருவன் மூக்கையும் வாயையும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "நானா கொன்றேன்? மூச்சு வரவில்லை, செத்தான்" என்று சொல்லுவது போலத்தான்.

இதிலே ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். சம்பளம் வராத 60-க்கு மேற்பட்ட ஊழிய ஸ்தாபனங்கள் 2016 மே மாதத்தில் கவர்னர் மீதும் அதிகாரிகள் மீதும் வழக்குப் போட்டன. பாக்கி 10 கோடி டாலருக்கு மேல். அவர்கள் வாதம் என்னவென்றால், "எங்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் கவர்னர் சர்க்கார், அந்த ஒப்பந்தத்துக்கான பணத்தைத் தள்ளியதும் அதே கவர்னர், இது என்ன நாணயம்?" என்பது. வழக்குப் போட்ட ஸ்தாபனங்களில் ஒன்று சிறு குழந்தைகளின் நலத்துக்கானது. அதன் தலைவி டயானா ரவுனர் அம்மையார், அதாவது கவர்னரின் மனைவி! அந்த அம்மையாரை நான் பாராட்டுகிறேன். புருஷன் கவர்னராயிற்றே என்று ஸ்தாபனத்தின் பாக்கியை விட்டுக்கொடுக்கவில்லை. பதிவிரதா தர்மம் பேசும் நம்மூர்ப் பண்டிதர்கள் இதற்கு எந்தப் புராணத்தில் பிராயச்சித்தம் தேடுவார்களோ தெரியாது. கோர்ட்டோ, பணம் ஒதுக்கிச் சட்டமில்லாதபோது கொடு என்று நாங்கள் சொல்ல முடியாது என்று வழக்கைத் தள்ளிவிட்டது.

மறுபக்கத்தில், மாகாண அட்டர்னி ஜெனரல் லிசா மாடிகன். சபாநாயகரின் மகள். சிப்பந்திகளுக்குச் சட்டமில்லாமல் சம்பளம் கொடுக்கும் உத்தரவை நிறுத்தும்படி அவர் 2017 ஜனவரியில் கோர்ட்டைக் கேட்டார். கேட்பதற்குக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பளம் நின்றால் ஆபீசுகள் நின்றுவிடும், ஆபீசுகள் நின்றால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியே தீரவேண்டும். பிப்ரவரியில் நீதிபதி மறுத்துவிட்டார், சண்டை நீண்டது. நல்ல எண்ணத்தோடு கொடுத்த உத்தரவேகூட, சண்டைக்காரர்களுக்கு மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லாட்டரிச் சீட்டு விஷயத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. அங்கே சர்க்காரே லாட்டரி நடத்துகிறது. 2015 ஆகஸ்டு முதல் 25,000 டாலருக்கு மேல் பரிசு விழுந்தவர்களுக்குப் பணமில்லை என்றார்கள். அக்டோபரில் 600 டாலருக்கு மேலே இருந்தாலே இல்லை என்றார்கள். ஆனால் சீட்டு விற்பதை மட்டும் ஒரு நாளும் நிறுத்தவில்லை! அதிர்ஷ்ட தேவதை வந்து சீட்டில் நம்பரை விழச் செய்தாள். கஜானா அதிகாரி கையை விரித்தான். தெய்வத்தின் கையெழுத்தைவிடக் கவர்னர் கையெழுத்துக்குத்தான் மதிப்பென்று அங்கே அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கியிருக்கும். பரிசு விழுந்தவர்கள் தேவதையிடம் முறையிடவில்லை, வக்கீலிடம் போனார்கள். டிசம்பரில் சட்டம் செய்து கொடுத்தார்கள்.

சரி, சட்டசபை அங்கத்தினர்களின் சம்பளம் என்னவாயிற்று? 2013-ல் முந்தைய கவர்னர் ஒருவர், பென்ஷன் விஷயத்தை முடிக்கும்வரை உங்களுக்குச் சம்பளமில்லை என்று அதை வெட்டிப் பார்த்தார். கோர்ட்டு செல்லாது என்றது. 2014-ல் அங்கத்தினர்கள் முன்ஜாக்கிரதையாக, தங்கள் சம்பளத்துக்கு மட்டும் வருஷா வருஷம் பணம் ஒதுக்கத் தேவையில்லை, தானாகவே போய்க்கொண்டிருக்கும் என்று சட்டம் செய்துகொண்டார்கள். அடிபட்ட பெண்ணின் விடுதிக்கு அப்படி ஒரு சட்டம் செய்ய அவர்களுக்குத் தோன்றவில்லை. 2016 ஏப்ரலில் கணக்கு அதிகாரியான ஓர் அம்மையார், "மற்ற பாக்கிதாரர்கள் நிற்கிற வரிசையிலேயே நீங்களும் நில்லுங்கள்" என்று அங்கத்தினர்களின் சம்பளத்தையும் தாமதப்படுத்தினார். பின்னால் சிலர் வழக்குப் போட்டார்கள். 2017 மார்ச்சில் கொடுக்கும்படி தீர்ப்பும் ஆயிற்று. கவர்னருக்கு இந்தக் கவலையும் இல்லை. அவர் சம்பளம் வருஷத்துக்கு ஒரு டாலர்தான். தியாகமென்று சிலர் சொல்லக்கூடும். கோடீஸ்வரனுக்குச் சம்பளம் எதற்கு? சம்பளம் நின்றால் அடுப்பெரியாது என்ற பயம் இல்லாதவன் எத்தனை நாள் வேண்டுமானாலும் பிடிவாதம் பிடிப்பான்.

இனி வட்டிக்கடை விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும்.

சர்க்காருக்குச் சாமான் கொடுத்தவன், வேலை செய்தவன் பில்லு அனுப்புகிறான். 90 நாளைக்குள் பணம் வராவிட்டால் அதற்குமேல் மாதத்துக்கு 1 சதவிகிதம் வட்டி கொடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம். வருஷத்துக்கு 12 சதவிகிதம். ஏழை வியாபாரியைக் காப்பாற்றச் செய்த நல்ல சட்டம்தான். ஆனால் சிறு வியாபாரிக்கு வட்டி வருமென்று ஒரு வருஷம் காத்திருக்க முடியுமா? அவன் ஆட்களுக்கு வாரக்கூலி கொடுக்க வேண்டாமா? அப்பொழுது லேவாதேவிக்காரர்கள் வருகிறார்கள். சர்க்காரே அவர்களை அங்கீகரித்து ஒரு திட்டம் வைத்திருந்தது. 10,000 டாலர் பில்லு என்றால் லேவாதேவிக்காரன் 9,000 டாலரை வியாபாரிக்கு உடனே கொடுத்து பில்லை எழுதி வாங்கிக்கொள்வான். சர்க்கார் பணம் வந்தபின் மிச்சம் 1,000 வியாபாரிக்கு. ஆனால் வட்டி? அது முழுவதும் லேவாதேவிக்காரனுக்கு. பில்லு போட்டு ஒரு வருஷம் கழித்து சர்க்கார் கொடுத்தால், முதல் 90 நாள் போக ஒன்பது மாத வட்டி, 900 டாலர். 9,000 போட்டவனுக்கு 900. கடனாளியோ ஒரு மாகாணச் சர்க்கார். ஓடிப்போக மாட்டான், ஏமாற்றினால் கோர்ட்டு இருக்கிறது. இதைவிடப் பத்திரமான கந்துவட்டியை நம் ஊர்ச் செட்டி மார்வாடி யாராவது கண்டதுண்டா?

இவர்களுக்குச் சண்டை எவ்வளவு நாள் நீடிக்கிறதோ அவ்வளவு லாபம். மாகாணத்தின் பாக்கி பில்லுகள் 2015-ல் சுமார் 500 கோடி டாலராக இருந்தது, 2017 நவம்பரில் 1,600 கோடிக்கு மேல் ஏறிற்று. தாமத வட்டி மட்டும் 100 கோடி டாலரைத் தாண்டிற்று. மிச்சம்பிடிக்கிறேன் என்று வந்த கவர்னரும், ஏழைகளுக்காக வாதாடுகிறேன் என்ற சபாநாயகரும் சேர்ந்து 100 கோடி டாலரை வட்டிக்காரனுக்குத் தானம் பண்ணினார்கள். பள்ளிக்கூடமா கட்டினார்கள், ஆஸ்பத்திரியா கட்டினார்கள்? பின்னால் 2017 அக்டோபரில் மாகாணமே 600 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றுப் பாக்கியில் ஒரு பாகத்தைத் தீர்த்தது. அதற்கு வட்டி சுமார் 3½ சதவிகிதம். 3½-க்குக் கிடைக்கிற பணம் வெளியே இருக்க, 12-க்கு இரண்டு வருஷம் பாக்கி வைத்திருந்தார்கள் என்றால் அந்தப் புத்தியை என்னவென்று சொல்லுவது!

பேச்சு வார்த்தைகள் நடக்காமலில்லை. 2016 ஜூன் 30-ந் தேதி ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வருஷத்துக்கு. மற்றவைகளுக்கு டிசம்பர் முடிய. ஏன் டிசம்பர் என்றால், நவம்பரில் தேர்தல்! வோட்டு வாங்குகிற வரைக்கும் சோறு. 2017 ஆரம்பத்தில் மேல்சபையில் கல்லர்டனும் ரடோன்யோ அம்மையாரும் கட்சி வித்தியாசத்தை ஒதுக்கிவைத்து, வரியும் சீர்திருத்தமும் சேர்ந்த ஒரு பெரிய ராஜியை உண்டாக்கப் பார்த்தார்கள். மனதார முயன்றவர்கள் என்று இந்த இருவரைச் சொல்லலாம். கவர்னர் தரப்பு, இது போதாது என்று சொன்னதும் ரிபப்ளிகன் வோட்டுகள் நழுவிவிட்டன. அம்மையார் ஜூலை 1-ந் தேதியோடு பதவியை விட்டே விலகிக்கொண்டார்.

கடைசியில் சண்டையை முடித்தது எது? ஏழையின் கண்ணீரா? இல்லை. கடன் மதிப்புப் போடும் கம்பெனிகள். எட்டுத் தடவை மதிப்பைக் குறைத்து, இன்னும் ஒருபடி இறங்கினால் "குப்பைப் பத்திரம்" என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. எந்த அமெரிக்க மாகாணமும் அந்த நிலைக்கு இறங்கினதில்லை. பெரிய லாட்டரிகளை நடத்தும் சங்கத்தாரும் இல்லினாய்சை விலக்கிவிடுவோம் என்றார்கள். 2017 ஜூலையில், வருமான வரியை 3.75-லிருந்து 4.95-க்கும் கம்பெனி வரியை 5.25-லிருந்து 7-க்கும் ஏற்றி இரு சபைகளும் சட்டம் செய்தன. கவர்னர் தள்ளினார். மேல்சபை மீறி நிறைவேற்றிற்று. ஜூலை 6-ந் தேதி கீழ்ச்சபை. முன்னே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, 71 என்று? சரியாக 71 வோட்டு. எதிர்ப்பு 42. 2015-ல் டெமாக்ரட்டுகளுக்கே 71 பேர் இருந்தும், ஒருவர் வராவிட்டாலும் முறுக்கிக்கொண்டாலும் காரியம் கெட்டது. இப்போது அவர்கள் 67 பேர்தான். அவர்களிலும் சிலர் வோட்டுப் போடவில்லை. அந்த 71-ல் பத்துப் பேர் ரிபப்ளிகன்கள். தங்கள் கவர்னரையும் கட்சியையும் எதிர்த்து, வரி போட்டவன் என்ற பழியையும் ஏற்றுக்கொண்டு எழுந்து நின்றவர்கள். அவர்களில் சிலர் மறுபடி தேர்தலுக்கு நிற்கவேயில்லை. ஐந்து தலைவர்கள் இரண்டு வருஷத்தில் முடிக்காத காரியத்தை, பின் பெஞ்சியிலிருந்த பத்துப் பேர் ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டார்கள். இது முதல் வருஷமே முடிந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இது அந்த நாட்டின் தலைவிதி என்று யாரும் சொல்ல வேண்டாம். பக்கத்து மாகாணமான விஸ்கான்சினில், புது பட்ஜெட் வராவிட்டால் பழைய பட்ஜெட்டே ஓடிக்கொண்டிருக்கும் என்று விதி. அங்கே பட்ஜெட் தாமதமானாலும் விடுதி மூடுவதில்லை. கலிபோர்னியாவில் 2009-ல் கையில் ரொக்கமில்லாமல் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். 2010-ல் ஜனங்களே நேரடியாக வோட்டுப் போட்டு ஒரு விதி செய்தார்கள்: பட்ஜெட்டுக்குச் சாதாரண மெஜாரிட்டி போதும், ஜூன் 15-ந் தேதிக்குள் நிறைவேற்றாவிட்டால் அங்கத்தினர்களுக்கு அந்த நாட்களுக்குச் சம்பளமும் படியும் கிடையாது, பின்னால் திரும்பவும் கிடையாது. அது முதல் அங்கே பட்ஜெட் காலத்தில் நிறைவேறி வருகிறது. தெய்வம் மாறவில்லை, ஜாதகம் மாறவில்லை, விதி மாறிற்று. விதி என்று நான் சொல்லுவது மனிதன் எழுதுகிற விதியை.

இல்லினாய்சில் ரவுனர் 2018 தேர்தலில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவரும் அவரைவிடப் பெரிய கோடீஸ்வரர்தான். அதைப்பற்றி இன்னொரு நாள் பேசலாம். மாடிகன் 2021-ல் சபாநாயகர் பதவியை இழந்தார். மின்சாரக் கம்பெனி ஒன்று, சட்டசபையில் தனக்குச் சாதகம் வேண்டி, அவருடைய ஆட்களுக்கு வேலை செய்யாமலே சம்பளம் கொடுத்து வந்த வழக்கில் 2025 பிப்ரவரியில் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். ஜூன் மாதத்தில் ஏழரை வருஷ சிறையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. பட்ஜெட் சண்டைக்காக விதித்த தண்டனையல்ல அது. 736 நாள் விடுதிகளையும் யூனிவர்சிட்டியையும் பட்டினி போட்டதற்கு அங்கே எந்தச் சட்டத்திலும் தண்டனை கிடையாது, அவருக்கும் கிடையாது, கவர்னருக்கும் கிடையாது. மே 31-க்குப் பின் 71 வோட்டு என்ற விதியும் அப்படியேதான் இருக்கிறது.

நேரமாகிவிட்டது. யாருக்காவது கேள்வி இருந்தால் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுங்கள். எனக்குத் தெரிந்தவரையில் பதில் சொல்லுகிறேன். இம்மட்டோடு நிறுத்திக்கொள்ளுகிறேன்.